சாயவேர்ப் பூண்டை இனங்காணலும் வளர்த்தலும்



மாரி மழை ஓய்ந்தபின், மன்னார்த் தீவின் மணற்றரையில் புற்களினிடையே மிகச் சிறிய வெண்பூக்களைக் கண்டிருப்பீர்கள். ஆடு மேயும் வெறுந்தரை என்றெண்ணி அவற்றை மிதித்துக் கடந்துவிடுகிறோம். அவற்றுள் ஒன்று சாயவேர். இம்பூறல் என்பதும் அதன் பெயரே.

சீலைகளுக்கு நீடித்த சிவப்பு நிறந் தந்த வேர் இது. 1658இல் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இவ்வேர் வணிகத்தைத் தம் ஏகபோகமாக வைத்திருந்தனர். இவ்வேரிலுள்ள அலிசரின் என்னும் சாயப்பொருளை 1868இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மன் என்னும் இருவர் செயற்கையாக ஆக்கினர். அது மலிவாய்ச் சந்தைக்கு வரவே, வேரின் மதிப்பு வீழ்ந்தது. இன்று இயற்கைச் சாயத்தை விரும்புவோர் மீண்டும் இதனை நாடுகின்றனர்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். இலையைப் பறித்தால் செடி மீண்டும் தழைக்கும். வேரை எடுத்தாலோ செடி அழியும். ஆதலால், தரவையிலுள்ளதைத் தோண்டாது, விதை சேர்த்துப் பாத்தியில் வளர்ப்பதே தக்கது.

இனங்காணும் முறை

செடி தாழ்ந்து பல கிளைகளாய்ப் படரும். இலைகள் ஒடுங்கியவை, கணுவில் எதிரெதிராய் அமைந்தவை. கணுக்களில் சிற்றிலைகள் கொத்தாய்த் தோன்றுவதால் வட்டமாய் அமைந்தனபோலக் காணப்படும். பூவில் நான்கு இதழ்கள் உள்ளன. பல பூக்கள் ஒரு காம்பின் நுனியில் குடைபோலக் கூடி நிற்கும். இதற்கு உறவான வேறொரு சிறு பூண்டிலும் நான்கிதழ் வெண்பூ உண்டு; ஆயின் அதில் ஒரு காம்பில் ஒன்று முதல் நான்கு பூக்களே இருக்கும். யானும் தொடக்கத்தில் இதழை மாத்திரம் எண்ணி அதன் விதையைச் சேர்த்து, ஒரு பாத்தி முழுவதையும் வீணாக்கினேன். காம்பையும் பார்த்தறிக.

ஐயம் நீங்காவிடின் ஒரேயொரு செடியை எடுத்துப் பாருங்கள். பச்சை வேரின் பட்டை செம்மஞ்சள் நிறமாயிருக்கும். உலர்த்திப் பொடித்தால் சாம்பல் நிறமாகும். அப்பொடி நீர் பட்டால் மஞ்சளாகும். சாம்பற்காரநீர் பட்டால் சிவக்கும்.

விதைத்தல்

காய்கள் முற்றி வெடிக்குமுன் பறித்துத் துணியிற் பரப்பி நிழலில் உலர்த்துக. விதை தூள்போல நுண்ணியது. அதனைப் பத்துப் பங்கு உலர்ந்த மணலுடன் கலந்து தூவுதல் நன்று. இல்லையேல் ஓரிடத்திற் குவிந்துவிடும்.

நீர் தேங்காத இளமணற்பாத்தியே ஏற்றது. வேர் நேராய்க் கீழிறங்குவதற்கு மண்ணை ஓரடி ஆழம் கொத்தி, மக்கிய ஆட்டெருவைச் சிறிதளவு கலவுங்கள். ஐப்பசி மழையால் மண் நனைந்ததும் விதைத்து, கையால் மெல்ல அழுத்துங்கள், மண்ணால் மூடவேண்டாம். மேலே கிடுகுப் பந்தல் இடுக. அது வெயிலைத் தடுப்பதுடன், பெருமழை விதையை அடித்துச் செல்லாமலுங் காக்கும்.

முளைக்கும்வரை பூவாளியால் நாடோறும் நீர் தெளிக்கவேண்டும். கிணற்று நீர் உவர்ப்பாயின் அதனைத் தவிர்க்க. நாற்றுகள் நிலைத்தபின் பந்தலைப் படிப்படியாய் அகற்றிக் களை பிடுங்குங்கள். ஆடும் கழுதையும் புகாவண்ணம் மட்டைவேலி அவசியம்.

வேர் எடுத்தல்

முதலாண்டில் வேர் மெலிந்திருக்கும். இரண்டாம் ஆண்டில், விதை சேர்த்த பின்னரே தோண்டுக. பாத்தியை முதலில் நனைத்தால் வேர் அறாது வரும். மூன்றில் ஒரு பங்கு செடியை விதைக்கென விட்டுவிடுங்கள். தோண்டிய குழியை அன்றே மூடுக. தளர்ந்த மணலைச் சோளகக் காற்று அள்ளி அயலவர் தோட்டத்திற் குவித்துவிடும்.

வாங்குவோரும் விலையும் உறுதியாகுமுன், வெங்காயப் பாத்தியைக் குறைத்து இதனை இடாதீர்கள். முதலாண்டில் வேலியோரத்தில் ஒரு சிறு பாத்தி போதும். அதில் விளையும் விதை அடுத்த ஆண்டிற்கு உங்கள் முதலாகும். தரவையிலுள்ள தாய்ச்செடிகளும் பிழைத்திருக்கும்.