பறக்கும் காட்டு வாத்துக்களைப் படம் பிடித்தல்

நீரில் மிதக்கும் வாத்தைப் படம் பிடித்தல் எளிது. வானிற் பறப்பதைப் பிடித்தலோ கணக்கும் பொறுமையும் ஒருங்கே வேண்டுவதொரு கலையாம். 1882-ஆம் ஆண்டில் மாரே என்னும் பிரெஞ்சு அறிஞர், துப்பாக்கி வடிவிற் காமிரா ஒன்றமைத்து, வினாடிக்கு 12 படங்களாகப் பறவைகளின் சிறகடிப்பைப் பதிவு செய்தார். உயிரைக் கொல்லாத துப்பாக்கி அது.

முதற்கண் வேகத்தைக் கருதுவோம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வாத்து, ஒரு வினாடியில் 20 மீட்டர் கடக்கும். காமிராவின் கதவு வினாடியில் 100-இல் ஒரு பங்கு திறந்திருப்பின், அதற்குள் அது 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், படம் கலங்கும். 2000-இல் ஒரு பங்காயின் 1 சென்டிமீட்டரே நகரும். அன்றியும், இடுப்பிலிருந்து உடலைத் திருப்பிப் பறவையோடொக்கக் காமிராவைச் செலுத்துக. பொத்தானை அழுத்திய பின்னும் அதனை நிறுத்தற்க. ஒளிமிக்க வானத்தின் முன் பறவை கருத்துத் தோன்றுமாதலின், கருவி காட்டும் அளவினும் சிறிது மிகுதியாக ஒளியை ஏற்றல் வேண்டும்.

அடுத்தது காற்று. வாத்து எழுங்காலும் இறங்குங்காலும் காற்றை எதிர்த்தே செல்லும் இயல்பினது. மார்கழி, தைத் திங்கள்களில் நம் நாட்டிற் காற்று வடகிழக்கினின்று வீசும். காலைக் கதிரவனோ தென்கிழக்கில் நிற்பான். ஆதலின், கீழ்க்கரையில் அமர்வார்க்கு வெயிலும் காற்றும் முதுகுப்புறமாகும். வாத்துக்கள் முகங்காட்டி வரும்.

இவையெல்லாம் அறிந்திருந்தும் யாம் ஒருமுறை பிழை செய்தோம். சில ஆண்டுகட்கு முன் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில், நண்பகல்வரை காத்திருந்து பொறுமையிழந்து, கைதட்டி ஊசிவால் வாத்துக் கூட்டமொன்றை எழுப்பினோம். எடுத்த படங்களிலெல்லாம் வாற்புறமே கண்டோம். அஞ்சியெழும் பறவை புறங்காட்டியன்றோ பறக்கும்? கரையிலிருந்த முதியவர் ஒருவர், “தம்பி, இரவெல்லாம் மேய்ந்துவிட்டு அவை இளைப்பாறும் வேளையல்லவா இது?” என்றார். யாம் மறுமொழி அறியாது நின்றோம். மாலைவரை அக்கூட்டம் திரும்பவில்லை.

வேனிலில் இமயங்கடந்து வட ஆசியாவிற்குத் திரும்பவேண்டிய அவற்றிற்கு, இங்கே உடலிற் சேர்க்கும் கொழுப்பே வழிச்சோறு. வீணே எழுப்புந்தோறும் அச்சோற்றில் ஒரு பிடியை நாம் பறிக்கின்றோம்.

மறுநாள் விடியுமுன் கீழ்க்கரையிற் சென்று அசையாதமர்ந்தோம். வெயிலேறிய பின், சிறு கூட்டமொன்று தானே எழுந்து, குளத்தை ஒருமுறை சுற்றி, சிறகு விரித்துக் கால் நீட்டி எம் எதிரே இறங்கிற்று. அன்று தேறிய படம் ஒன்றே. ஆயினும் அதிற் பறவையின் முகம் இருந்தது.