கார் துடைக்கும் துண்டுக்கு எந்தச் சோப்பு?

துண்டு தோய்ப்பதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் இன்று தில்லியில் நம்மவர் வீடுகள் பலவற்றில் ஒரு காராவது நிற்கிறது. அதைத் துடைக்க மைக்ரோஃபைபர் துண்டுகளும் வந்துவிட்டன. அவற்றைத் தோய்க்கத் தெரியாமல் நான் ஒரு தவறு செய்தேன். அதனால் கெட்டது காரின் பெயிண்ட் மட்டுமல்ல. ஒரு பையனின் பிழைப்பும்தான். அந்தப் பிழை வேறு எவர் வீட்டிலும் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் 1978இல் மெக்கானிக்கல் டிப்ளமாவோடு ரயில்வேயில் சேர்ந்து, பெரும்பாலும் பெட்டிப் பராமரிப்புப் பிரிவிலேயே வேலை பார்த்து, 2017இல் ஓய்வு பெற்றவன். வேதியியல் வல்லுநன் அல்லன். நானே செய்து பார்த்ததையும், அதன்பின் படித்துத் தெரிந்துகொண்டதையும் மட்டும் சொல்கிறேன்.

நடந்தது இதுதான்

என் மகன் 2023இல் கறுப்பு நிறக் கார் ஒன்று வாங்கினான். துவாரகாவில் எங்கள் குடியிருப்பில், விடியற்காலையில் பக்கெட்டும் துணியுமாக வந்து கார்களைத் துடைத்துவிட்டுப் போகும் பையன்கள் உண்டு. அவர்களில் ஒருவனுக்கு மாதச் சம்பளம் பேசி, ஒரு டஜன் மைக்ரோஃபைபர் துண்டும் வாங்கிக் கொடுத்தோம். "தோய்க்கிறேன் என்று இவன் துண்டைக் கெடுத்துவிடுவான்" என்று, அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

ஏழெட்டு மாதத்தில், வெயில் படும்போது கார் முழுவதும் சிலந்தி வலை போல வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிந்தன. பையனைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். "நான் அழுத்தித் துடைக்கவே இல்லை, அங்கிள்ஜி" என்றான். நான் நம்பவில்லை. அன்றே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டேன். அதோடு நில்லாமல் பக்கத்து வீட்டார் இருவரிடமும் சொன்னேன். அவர்களும் அவனை நிறுத்திவிட்டார்கள்.

மாலையில் என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கார் துடைச்சது அவன்தான், சரி. துண்டைத் தோய்ச்சது யாரு?"

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. டிப்போவில் ஒரு ரோலர் பேரிங் சூடேறிப் பெட்டியைக் கழற்ற நேர்ந்தால், ஃபிட்டர் மேல் பழி போடுவதற்கு முன் பேரிங்கைத் திறந்து பார்ப்போம். அதைத் துடைக்கக் காட்டன் வேஸ்ட் எடுக்கக்கூடாது, பிசிறு உதிராத துணிதான் வேண்டும் என்பது எங்களுக்கு ஆரம்பப் பாடம். உள்ளே போகும் ஒரு நூல் பிசிறும் ஒரு மணல் துகளும் என்ன செய்யும் என்பதை நாற்பது ஆண்டுகள் கண்ணால் பார்த்தவன், வீட்டில் திறந்து பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

துண்டு எப்படிப்பட்டது?

மைக்ரோஃபைபர் என்பது பெரும்பாலும் பாலியெஸ்டரும் பாலியமைடு என்னும் நைலானும் கலந்த இழை. 80க்கு 20, அல்லது 70க்கு 30 என்ற கலவையில் வரும். 9000 மீட்டர் நீள இழையின் எடை 1 கிராம் என்றால் அது 1 டெனியர். பட்டுப்புழுவின் ஒற்றை இழையே 1 டெனியருக்குச் சற்று மேல். மைக்ரோஃபைபர் 1 டெனியருக்கும் கீழே. துடைக்கும் துண்டுகளில் இந்த இழையையும் பல கீற்றுகளாகப் பிளந்திருப்பார்கள். அந்தப் பிளவுகளில்தான் தூசியும் தண்ணீரும் ஏறி உட்காருகின்றன. துண்டு நன்றாகத் துடைப்பதற்குக் காரணம் அந்த இடுக்குகளே.

ஆகவே அந்த இடுக்கை அடைப்பது எதுவோ, அதுவே இந்தத் துண்டுக்கு எதிரி. சோப்பைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு விதி போதும். பருத்தி வேட்டிக்கு, "இந்தச் சோப்பு அழுக்கை எடுக்குமா?" என்று கேட்கிறோம். மைக்ரோஃபைபருக்கு, "இந்தச் சோப்பு தானும் வெளியே போகுமா?" என்று கேட்க வேண்டும்.

நான் செய்த நான்கு தவறுகள்

முதலாவது, சலவைத்தூள். அழுக்குத் துண்டாயிற்றே என்று இரண்டு மடங்கு போட்டேன். தூளில் அழுக்கு நீக்கும் பொருளோடு சோடா உப்பு, சிலிகேட், நிரப்புப் பொருள்கள் ஆகியவையும் இருக்கும். தண்ணீரை மென்மையாக்கச் சிலவற்றில் ஜியோலைட் சேர்ப்பார்கள். அது கரையாத நுண்துகள். வேட்டியில் இருந்து இவை அலசலில் போய்விடும். பிளந்த இழையில் எளிதில் போவதில்லை.

இரண்டாவது, தண்ணீர். சிக்கனம் என்று எண்ணி, ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரைப் பிடித்து வைத்துத் துண்டுகளை அலசினேன். ஏற்கெனவே கடின நீர். அதில் உள்ள உப்புகள் இன்னும் செறிந்து வருவதுதான் அந்தக் கழிவு நீர். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்பது இந்திய தர நிர்ணயம். கடின நீரில் சோடா உப்பு சேர்ந்தால் கால்சியம் கார்பனேட் வெண்மையாகப் படியும். சாதாரணக் குளியல் சோப்பைப் போட்டாலோ கால்சியம் சோப்பாகத் திரிந்து பிசுபிசுக்கும். நீராவி என்ஜின் காலத்தவர்களுக்குக் கொதிகலனில் படியும் சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. என் துண்டுகளுக்கும் அதே கதி.

மூன்றாவது, கடைசி அலசலில் வாசனைக்காக ஊற்றும் ஃபேப்ரிக் கண்டிஷனர். அதில் உள்ள மூலக்கூறு நேர்மின்னேற்றம் உடையது. நீரில் நனைந்த இழையின் மேற்பரப்போ எதிர்மின்னேற்றம் உடையது. ஆகவே அது இழையில் ஒட்டிக்கொண்டு எண்ணெய்ப் பூச்சுப் போல மூடிவிடுகிறது. கைக்கு மிருதுவாக இருக்கும். தண்ணீரை மட்டும் உறிஞ்சாது.

நான்காவது, கூட்டுத் தோய்ப்பு. பனியன், வேட்டி, தரை துடைக்கும் துணி எல்லாவற்றோடும் சேர்த்துப் போட்டேன். பருத்திப் பிசிறும் தரைத் தூசியும் துண்டில் ஏறின. தில்லித் தூசியில் குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கும். மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7; நகத்தின் அளவு இரண்டரை. காரின் மேல் பளபளக்கும் கிளியர் கோட் என்ற மெல்லிய பூச்சு ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான் கனமே. அழுத்தாமல் துடைத்தாலும் அந்த மணல் கீறாமல் விடாது. பையன் சொன்னது உண்மை.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

துளிச் சோதனை: காய்ந்த துண்டின் மேல் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். உடனே உள்ளே போனால் துண்டு நலம். முத்துப் போல உருண்டு நின்றால் இடுக்கு அடைத்திருக்கிறது. என் துண்டில் துளி நின்றது. உபயோகிக்காமல் வைத்திருந்த புதுத் துண்டு ஒன்றில் நொடியில் மறைந்தது.

இரண்டு கிளாஸ் சோதனை: ஒரு கிளாஸில் குழாய்த் தண்ணீர், மற்றதில் ஆர்.ஓ. குடிநீர் எடுத்து, இரண்டையும் இளஞ்சூடாக்கி ஆளுக்கு ஒரு டீஸ்பூன் சோப்புக் கலந்து இரவு முழுவதும் அசைக்காமல் வையுங்கள். இரண்டிலும் வண்டல் தங்கினால், சோப்பிலேயே கரையாத பொருள் உண்டு. குழாய்த் தண்ணீரில் மட்டும் தங்கினால், உங்கள் தண்ணீரும் அந்தச் சோப்பும் ஒத்துப்போகவில்லை. இரண்டும் தெளிவாக இருந்தால் அதை வாங்கலாம். என் தூள் இரண்டிலும் வண்டல் விட்டது. குழாய்த் தண்ணீரில் கூடுதலாக விட்டது.

பாட்டில் சோதனை: தோய்த்து அலசிய துண்டை, நல்ல தண்ணீர் ஊற்றிய வாயகன்ற பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள். நுரை எழுந்து நின்றால் இன்னும் சோப்புத் தங்கியிருக்கிறது. மீண்டும் அலசுங்கள்.

எதை வாங்குவது?

எந்தக் கம்பெனிக்கும் நான் விளம்பரம் செய்யவில்லை. தூளை விடத் திரவம் நல்லது. கரையாத பொருளுக்கு அதில் பெரும்பாலும் இடமில்லை. வாசனையும் நிறமும் குறைந்ததாகப் பாருங்கள். லேபிளில் கண்டிஷனர், சாஃப்ட்னர், இரண்டும் ஒன்றில் என்று எதாவது இருந்தால் வேண்டாம். வெள்ளைக்கு வெண்மை தரும் பொருள் கெடுதல் இல்லை என்றாலும் நமக்கு அநாவசியம். குளோரின் பிளீச் கூடவே கூடாது, நைலானைக் கெடுக்கும். நுரை மிகுந்தால் அழுக்கு மிகுந்து போகும் என்பதும் தவறான நம்பிக்கை. நுரை குறைந்த வாஷிங் மெஷின் திரவமே அலச எளிது.

மைக்ரோஃபைபருக்கென்றே தனித் திரவங்களும் விற்கின்றன. மெழுகு பாலிஷ் துடைத்த துண்டுகளுக்கு அவை பயன்படலாம். தினசரித் தூசிக்கு, மேற்சொன்ன சோதனையில் தேறிய சாதாரணத் திரவமே போதும்.

தோய்க்கும் முறை

துண்டுகளைத் தனியாகவே தோய்க்க வேண்டும். பெயிண்டுக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று என நிறம் பிரித்து வையுங்கள். முதலில் வெறும் தண்ணீரில் உதறி மணலை இறக்குங்கள். பிறகு 10 லிட்டர் பக்கெட்டுக்கு ஒரு மேஜைக்கரண்டி திரவம் கலந்து, அரை மணி ஊறவைத்துப் பிசையுங்கள். வெந்நீர் என்றால் கை பொறுக்கும் சூடு, 40 டிகிரிக்கு மேல் வேண்டாம். இரண்டு அல்லது மூன்று முறை அலசுங்கள். கோடையில் ஏ.சி.யில் இருந்து சொட்டும் நீர் ஏறக்குறைய உப்பில்லாதது. வடிகட்டிக் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளலாம். மழை நீரும் அப்படியே.

சுண்ணாம்பு ஏறி விறைத்த துண்டை, பக்கெட் தண்ணீரில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் கலந்து ஒரு மணி ஊறவைத்து நன்றாக அலசினால் பெரும்பாலும் மீளும். வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். நிழலில், தூசி படாத இடத்தில் உலர்த்துங்கள். இஸ்திரி வேண்டாம். தரையில் விழுந்த துண்டைத் தோய்க்காமல் பெயிண்டில் வைக்காதீர்கள்.

பன்னிரண்டு துண்டுகளில் ஏழு மீண்டன. மற்ற ஐந்தும் இப்போது சைக்கிள் செயினைத் துடைக்கின்றன.

முடிவாக

மறுவாரம் கேட்டருகே அந்தப் பையனைத் தேடிப் பிடித்தேன். இரண்டு கிளாஸையும் கொண்டுபோய்க் காட்டி, தவறு என்னுடையது என்று சொன்னேன். வேலை இல்லாமல் போன நாட்களுக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுத்தேன். அவன் கிளாஸைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "நாளைக்கு வரட்டுமா, அங்கிள்ஜி?" என்று மட்டும் கேட்டான். பக்கத்து வீட்டார் இருவரிடமும் போய் உள்ளதைச் சொன்னேன். ஒருவர் அவனைத் திரும்ப வைத்துக்கொண்டார். மற்றவர் அதற்குள் வேறு ஆள் அமர்த்திவிட்டார். அந்த ஒரு வீட்டை அவனுக்கு என்னால் மீட்டுத் தர முடியவில்லை.

காரின் கீறல்களைப் பாலிஷ் போட்டு ஓரளவு எடுத்துவிட்டோம். துண்டுகளை இன்றும் நான்தான் தோய்க்கிறேன். எந்தப் பழுதானாலும் முதலில் நம் கையில் இருந்ததைத் திறந்து பார்ப்போம். அடுத்தவரைக் கேட்பது அதன் பிறகு இருக்கட்டும்.