கட்டும் செட்டுமான குடும்பம்

சிக்கனம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு இரண்டு எண்ணங்கள் தோன்றுகின்றன. அது இல்லாதவர்களுக்கு உரிய காரியம், வசதி உள்ளவனுக்கு அவசியமில்லை என்பது ஒன்று. அது கஞ்சத்தனத்திற்கு இடப்பட்ட நல்ல பெயர் என்பது மற்றொன்று. இரண்டுமே சரியல்ல. செல்வந்தனுக்கும் ஏழைக்கும் ஒரே அளவுகோலை வைத்துத்தான் மார்க்கம் இது விஷயத்தில் பேசுகிறது.

திருக்குர்ஆனின் அஃராஃப் அத்தியாயம் 31-வது வசனத்தில் உண்ணவும் பருகவும் நமக்கு அனுமதி அளித்த இறைவன், அதே வசனத்தில் வரம்பு மீறுவதையும் தடுத்துவிட்டான். பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில் (17:26, 27) வீண்விரயம் செய்வோரை ஷைத்தானுடைய உடன்பிறப்புகளின் வரிசையில் சேர்த்துள்ளான். ஆனால் அதற்கடுத்து இரண்டே வசனங்கள் தள்ளி, கையைக் கழுத்தோடு கட்டி வைத்தாற்போல் வாழ்வதும் கூடாது என்று கூறப்பட்டிருப்பதை நாம் மறந்துவிடக் கூடாது. ஃபுர்கான் அத்தியாயம் 67-வது வசனம் ரஹ்மானின் நல்லடியார்களுடைய அடையாளங்களைச் சொல்லி வரும்போது, விரயத்திற்கும் உலோபத்திற்கும் நடுவே நிற்பதையும் அவற்றுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது.

நம் உலமாக்கள் ‘இஸ்ராஃப்’ என்றும் ‘தப்தீர்’ என்றும் இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். ஆகுமான காரியத்தில் அளவைக் கடப்பது இஸ்ராஃப். ஆகாத இடத்தில் செலவிடுவது தப்தீர். இரண்டாவதை எவரும் எளிதில் அறிந்துகொள்வர். முதலாவதுதான் வீட்டுக்குள்ளேயே, அடுப்படியிலும் குழாயடியிலும் ஒளிந்திருப்பது.

குழாயடியிலிருந்தே தொடங்குவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்றும், ஒரு ‘ஸாவு’ முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளித்தார்கள் என்றும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் உள்ளது. ஒரு ஸாவு என்பது நான்கு முத்து. முத்தின் அளவில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே வித்தியாசம் உண்டு. எனினும் இன்றைய கணக்கில் அது அரை லிட்டருக்குச் சற்று மேலிருந்து ஏறத்தாழ ஒரு லிட்டர் வரையில்தான் அமையும். இனி நாம் செய்யும் உளூவைப் பார்ப்போம். ஒரு நாள் குழாய்க்கு அடியில் வாளியை வைத்துவிட்டு வழக்கம்போல் உளூச் செய்துவிட்டு, அதில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பேச்சுக்கு ஐந்து லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் முடிய வேண்டியதற்கு நான்கு லிட்டர் கூடுதல். ஐந்து வேளைக்கு இருபது லிட்டர்; ஐந்து பேர் தொழும் வீட்டில் நாளொன்றுக்கு நூறு லிட்டர்; மாதத்திற்கு மூவாயிரம் லிட்டர். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுப்பவர்கள் இதன் விலையைத் தாங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

நம் சேலம், நாமக்கல் சமவெளியில் இது வெறும் கணக்கு அல்ல. ஒரு காலத்தில் சேலம் நகருக்குக் குடிநீர் தந்த பனமரத்துப்பட்டி ஏரி வறண்டு கிடந்ததை நாம் கண்டிருக்கிறோம். 1934-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் காவிரி நீர்தான் இன்று நகரத்தின் தாகம் தீர்க்கிறது. 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்ட நேரத்தில், குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்தவர்களுக்கு ஒரு முத்து தண்ணீரின் அருமை விளங்கியிருக்கும்.

மஸ்ஜிதில் இது இன்னும் கடுமையான விஷயம். அங்குள்ள தொட்டி நீர் வக்ஃபு சொத்து. சொந்தத் தண்ணீரில் தேவைக்கு மேல் ஊற்றுவது மக்ரூஹ் என்று கூறும் ஃபிக்ஹு நூல்கள், வக்ஃபு நீரில் அவ்வாறு செய்வது ஹராம் என்றே எழுதுகின்றன. ‘துர்ருல் முக்தார்’ இதனைத் தெளிவாகவே கூறுகிறது. முன்பு ஹவுளில் உட்கார்ந்து கையால் அள்ளி உளூச் செய்தபோது கையே அளவாக இருந்தது. குழாய் வந்த பின், தலைக்கு மஸ்ஹு செய்யும்போதும் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. முத்தவல்லிகள் குழாயின் வாயைச் சிறிதாக்கி வைத்தாலே பாதி காரியம் முடிந்துவிடும். அதற்கு ஜமாஅத் கூட்டம் போட வேண்டியதில்லை.

இனி அடுக்களைக்கு வருவோம். நம் பகுதிப் பெரியவர்கள் ஒரு பருக்கை கீழே விழுந்தாலும் எடுத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கீழே விழுந்த கவளத்தை அழுக்கு நீக்கி உண்ணுமாறும், விரல்களையும் தட்டையும் வழித்து உண்ணுமாறும் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததை முஸ்லிம் கிரந்தத்தில் காண்கிறோம். அந்த ஸுன்னத்தோடு இன்னொரு காரணமும் இந்த மண்ணில் உண்டு. தாது வருஷப் பஞ்சம் என்று மக்கள் சொல்லும் 1876–78 பஞ்சம் அன்றைய சேலம் ஜில்லாவை உலுக்கி எடுத்தது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அந்த ஜில்லாவில் 1871-ஆம் ஆண்டு குடிக்கணக்கில் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தனர். 1881-இல் அது 16 லட்சத்திற்கும் சற்றுக் குறைந்துவிட்டது. பத்தாண்டில் பெருக வேண்டிய ஜனத்தொகை மூன்றரை லட்சத்திற்கும் மேல் குறைந்ததென்றால், மாண்டவர்களும் ஊரை விட்டு ஓடியவர்களும் எத்தனை குடும்பங்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பஞ்சத்தின் கதையைக் கேட்டு வளர்ந்த பாட்டிமார்கள் அரிசிக் கழுநீரை மாட்டுக்கு வைத்தார்கள். வடித்த கஞ்சியைக் குடித்தார்கள், மிஞ்சியதைத் துணிக்குப் போட்டார்கள். இரவுச் சோற்றில் நீரூற்றி விடியலில் உண்டார்கள். இன்று நாம் சாதத்தைக் குப்பைக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம்.

பழைய உணவு என்றால் ஏதோ தாழ்ந்தது என்ற எண்ணம் எப்படியோ வந்துவிட்டது. கம்பும் ராகியும் சோளமும் இந்தப் புஞ்சை மண்ணின் தானியங்கள். நம் ஊரில் குச்சிக்கிழங்கு என்று சொல்லும் மரவள்ளிக்கிழங்கை வேகவைத்தால் ஒரு வேளை பசி அடங்கும். அந்தக் கிழங்கிலிருந்து எழுந்ததுதான் சேலத்து ஜவ்வரிசித் தொழில். இரண்டாம் உலக யுத்தத்தின்போது வெளிநாட்டு மாவு வரத்து தடைப்பட்ட நேரத்தில், 1943-ஆம் ஆண்டுவாக்கில் இங்கே அது தொடங்கியது. இருப்பதைக் கொண்டு இல்லாததை ஈடுகட்டிய புத்தி அது. சித்திரை வெயிலில் ஜவ்வரிசி வடகம் பிழிந்து வைக்கும் சகோதரிகள் வருஷம் முழுவதும் அப்பளச் செலவைக் குறைத்துக் கொள்கிறார்கள்.

கறி இல்லாத ஜும்ஆ ஜும்ஆவே அல்ல என்பதுபோல் சிலர் நடந்துகொள்கிறார்கள். கடன் சொல்லி ஆட்டுக்கறி வாங்கி வருகிறார்கள். அப்படி ஒரு ஷர்த்து எந்த ஃபிக்ஹு நூலிலும் இல்லை! நாடெங்கும் முட்டை அனுப்பும் நாமக்கல் நம் வாசலில் இருக்கிறது. ஒரு கிலோ கறியின் விலைக்கு எத்தனை முட்டை வரும் என்று அன்றைய விலையில் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதச் சாமானை லீபஜாரில் மொத்தமாகவும், காய்கறியை உழவர் சந்தையில் விலைப்பலகையைப் பார்த்தும் வாங்குவது நல்லது. ஆனால் மலிவாகக் கிடைக்கிறதென்று தேவையற்றதை வாங்குவதும் விரயமே.

எரிவாயுவைப் பற்றி நம் சகோதரிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கொண்டைக்கடலையை இரவே ஊற வைப்பதும், குக்கர் சத்தமிட்டதும் தீயைத் தணிப்பதும் அவர்கள் அறிந்ததே. மின்சாரத்தில் ஆண்களின் பங்கு அதிகம். அறுபது வாட் குண்டு பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்திற்குப் பதினெட்டு யூனிட். ஒன்பது வாட் எல்.இ.டி. பல்புக்கு மூன்று யூனிட்டுக்கும் குறைவு. தமிழகத்தில் 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினாலோ, தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமின்றி அதற்கு முந்தியவற்றில் சிலவற்றுக்கும் விகிதம் உயர்ந்துவிடும். ஆகவே இருபது யூனிட்டில் நாம் நினைப்பதைவிடப் பெரிய தொகை போய்விடலாம். உறங்கும்போது விளக்கை அணைக்கச் சொல்லும் ஹதீஸைச் சிலர் இவ்விடத்தில் ஆதாரமாகக் கூறுவர். அந்த ஹதீஸில் சொல்லப்பட்ட காரணம், எலி திரியை இழுத்து வீட்டைக் கொளுத்திவிடலாம் என்பதாகும். ஹதீஸை அதன் இடத்திலேயே வைப்போம். விரயத்தைத் தடுக்க வேறு ஆதாரங்கள் தாராளமாக உள்ளன.

இவ்வளவும் எளிது. இனிச் சொல்லப்போவதே நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டியது. ஒரு வீட்டில் சிக்கனம் என்றால் அது யாருடைய வயிற்றில் பிடிக்கப்படுகிறது? பல வீடுகளில் குடும்பத் தலைவர் செட்டைப் பற்றி நீண்ட உபதேசம் செய்வார். அவருடைய கடைத் தேநீரும், பீடி சிகரெட்டும், வாரம் ஒருமுறை நண்பர்களோடு உண்ணும் பரோட்டாவும் அந்த உபதேசத்தில் வருவதில்லை. எல்லோரும் உண்ட பின் அடிச்சட்டியில் மிஞ்சியதை உண்பவள் இல்லாள். பாலில் குறைந்தால் அவளுடைய பங்கில் குறைகிறது. அவளுடைய பல்வலியும் முதுகுவலியும் அடுத்த மாதத்திற்குத் தள்ளப்படுகின்றன. இதற்கு சிக்கனம் என்று பெயரிடுவது பெரும் அநீதி.

அபூ சுஃப்யான் (ரலி) அவர்களின் மனைவி ஹிந்து (ரலி) அவர்கள், தம் கணவர் கை இறுகியவர், தமக்கும் பிள்ளைக்கும் போதுமானதைத் தருவதில்லை என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். கணவருக்குத் தெரியாமலேயே, வழக்கப்படி தமக்கும் பிள்ளைக்கும் போதுமான அளவு எடுத்துக்கொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள இந்த ஹதீஸை நம் ஆண்கள் அதிகம் கேட்பதில்லை. தர்மம், அடிமை விடுதலை ஆகியவற்றோடு ஒப்பிட்டு, குடும்பத்திற்குச் செலவிட்ட தீனாருக்கே அதிக நன்மை என்று அருளியதும் முஸ்லிமில் உள்ளது. அதேபோல, கொலுசுப் பட்டறையிலோ தறிக்கூடத்திலோ வேலை செய்பவரின் கூலியைப் பிடித்து மிச்சம் காட்டும் முதலாளியும், கீரை விற்கும் மூதாட்டியிடம் ஐந்து ரூபாய்க்கு வாதாடுபவரும் சேமிப்பது தம் பணத்தை அல்ல, பிறர் பணத்தை.

இத்தனை வலியுறுத்துவதன் காரணம் கடன். நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையில் பாவத்தை விட்டும் கடனை விட்டும் பாதுகாப்புத் தேடினார்கள். ஏன் இவ்வளவு அதிகம் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறு செய்கிறான் என்ற பொருள்பட விளக்கினார்கள். நம் மஹல்லாக்களில் வாரத் தவணைக் கடன் வாங்கிய வீடுகளில் தவணை நாளன்று கதவு சாத்தப்படுவதும், ‘அம்மா வீட்டில் இல்லை’ என்று குழந்தையைச் சொல்ல வைப்பதும் இந்த ஹதீஸின் விளக்கமன்றி வேறென்ன? கந்து வட்டியைத் தடுக்க 2003-ஆம் ஆண்டு தமிழகத்தில் சட்டமே வந்தது. வட்டியின் பாவம் ஒருபுறமிருக்க, வாங்கும் காரணத்தைப் பாருங்கள். பெரும்பாலும் கல்யாணம், அல்லது திடீர் வைத்தியம். நாயகம் (ஸல்) அவர்கள் தம் மனைவியரில் ஒருவருக்கு இரண்டு முத்து வாற்கோதுமையைக் கொண்டே வலீமா கொடுத்ததாக புகாரியில் வருகிறது. கடன் வாங்கிப் பிரியாணி போட்டு, அண்டாவில் பாதியைக் குழியில் கொட்டும் நமக்கு இது எட்டுகிறதா? வைத்தியத்திற்கோ, நாளொன்றுக்கு இருபது ரூபாய் ஒதுக்கினால் வருஷத்திற்கு ஏழாயிரத்து முந்நூறு சேரும். தவணைக்காரர் படியேறாமல் இருக்கப் பல வீடுகளுக்கு அது போதும்.

சேர்க்கும் வழியிலும் கவனம் தேவை. எல்லோரும் சமமாகக் கட்டி, குலுக்கலில் பெயர் வந்தவர் முழுத் தொகையையும் பெறும் சீட்டு ஆகும். தள்ளிக் கேட்டு, அவசரக்காரர் குறைத்து எடுக்க மற்றவர்கள் அந்த இலாபத்தைப் பங்கிடும் ஏலச்சீட்டு வட்டியின் வாசலில் நிற்பது. அதைத் தவிர்க்க வேண்டும்.

நம் மஹல்லாக்களில் முன்பு பரவலாக இருந்து இப்போது அருகிவிட்ட ஒரு வழக்கம் பிடியரிசி. உலைக்கு அரிசி அளக்கும்போது அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவார்கள். வாரம் ஒரு முறை பையன்கள் வந்து வாங்கி மதரஸாவுக்கோ, ஆதரவற்றோருக்கோ சேர்ப்பார்கள். உண்பவருக்குக் குறைவு தெரியாது. ஒரு கைப்பிடி ஐம்பது கிராம் என்றாலும் மாதம் ஒன்றரைக் கிலோ. நூறு வீட்டுக்கு நூற்றைம்பது கிலோ. குழம்பில் நீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு அபூ தர் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட உபதேசமும் இந்த வகையே. சிக்கனம் அங்கே பிறருக்கு வழி திறக்கிறது.

கணவரின் சம்பாத்தியத்திலிருந்து மனைவி இவ்வாறு எடுத்துக் கொடுக்கலாமா என்று சில சகோதரிகள் கேட்பதுண்டு. விரயமாக்காமல் வீட்டு உணவிலிருந்து பெண் தர்மம் செய்தால், கொடுத்ததற்காக அவளுக்கும் சம்பாதித்ததற்காகக் கணவனுக்கும் நற்கூலி உண்டு, ஒருவருடையதால் மற்றவருடையது குறையாது என்று ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பில் புகாரி, முஸ்லிமில் வந்துள்ளது. கணவர் வாயால் அனுமதித்திருந்தாலும், வழக்கத்தில் அவர் பொருந்திக்கொள்வார் என்று தெரிந்திருந்தாலும் போதுமானது. ஒரு கைப்பிடி அரிசி அந்த வழக்கத்திற்குள் அடங்கும். மூட்டையாகக் கொடுப்பதென்றால் கேட்டுக்கொள்ள வேண்டும்.