கேமில் பெண் கேரக்டர் சேர்த்தால் இரண்டு மடங்கு வேலையா?

அக்கா வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். பிரிண்டர், இன்டர்நெட் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, ஏழாவது படிக்கும் அக்கா மகளுக்கு ஒரு கேமை இன்ஸ்டால் செய்து கொடுத்தேன். கேரக்டரைத் தேர்வு செய்யும் திரையில் மவுசை அங்கும் இங்கும் நகர்த்தியவள், "இதுல பொண்ணு யாருமே இல்லையா மாமா?" என்றாள்.

"பொண்ணையும் சேர்த்தா வேலை ரெண்டு மடங்கு ஆயிடும்மா" என்றேன்.

"அப்ப பொண்ணை மட்டும் வெச்சு செய்யலாமே?"

சாஃப்ட்வேர் இன்ஜினியரான எனக்கு இதற்குப் பதில் வரவில்லை. நான் சொன்னதும் என் சொந்தக் கருத்தல்ல. 2014 ஜூனில், 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி' கேமில் பலர் சேர்ந்து ஆடும் பகுதியில் ஏன் பெண் கேரக்டர் இல்லை என்று கேட்டதற்கு, யூபிசாஃப்ட் நிறுவனத்தின் அலெக்ஸ் அமான்சியோ சொன்ன காரணம் இது. அனிமேஷன், குரல், உடை எல்லாமே இரண்டு மடங்காகும் என்றார் அவர். இது சரியா என்று பார்க்க, ஒரு கேரக்டர் கம்ப்யூட்டருக்குள் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்வோம்.

3டி கேமில் நீங்கள் பார்க்கும் உடல் ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களால் ஆன ஒரு கூடு. இதற்கு மெஷ் என்று பெயர். அதன்மேல் தோல், துணி போன்ற படங்களை ஒட்டுவார்கள், அது டெக்ஸ்சர். கூட்டுக்குள் எலும்புக்கூடு ஒன்று இருக்கும். திரையில் இது தெரியாது. ஆனால் ஓடுவது, குதிப்பது, ஏறுவது எல்லாம் இந்த எலும்புகளுக்குத்தான் பதிவு செய்யப்படுகின்றன. எந்த நொடியில் எந்த எலும்பு எத்தனை டிகிரி திரும்ப வேண்டும் என்ற எண்களின் தொகுப்புதான் அனிமேஷன். எலும்பு அசைந்தால் கூடு அதனுடன் அசையும்.

அதாவது, ஓடத் தெரிந்தது எலும்புக்கூட்டுக்கு; மேலே இருக்கும் உடலுக்கு அல்ல. தெருக்கூத்தில் ஒரே நடிகர் இன்று ராஜா வேஷமும் நாளை பெண் வேஷமும் கட்டுவதில்லையா? அதுபோல ஒரே எலும்புக்கூட்டின்மேல் வேறு உடலைப் பொருத்தலாம். உயரம், தோள் அகலம் மாறினால் அதற்கேற்ப அசைவுகளைத் திருத்தவும் முறைகள் உள்ளன.

இதைச் சொன்னவர் அதே வரிசையின் மூன்றாம் பாகத்தில் அனிமேஷன் பிரிவுக்குத் தலைமை வகித்த ஜோனதன் கூப்பர். தன் கணிப்பில் இது ஓரிரு நாள் வேலை என்றார். 2012-ல் வந்த 'லிபரேஷன்' கேமின் நாயகி அவெலினை உதாரணம் காட்டினார். அவள் ஆப்பிரிக்கத் தாய்க்கும் பிரெஞ்சுத் தந்தைக்கும் பிறந்தவள். அந்த வரிசையின் இன்னொரு நாயகனான எட்வர்டைவிட, நாயகன் கானருடைய அசைவுகளை அவள்தான் அதிகம் பகிர்ந்துகொள்கிறாள் என்றார். ஆட்டக்காரர் யாருக்கும் இது உறுத்தியதாகத் தெரியவில்லை!

செலவே இல்லை என்று சொல்ல மாட்டேன். புதிய உடை, தலைமுடி வரைய வேண்டும். பாவாடை போன்ற துணி காலுக்குள் புகுந்துகொண்டு தொல்லை தரும். குரல் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். 2007-ல் வந்த 'மாஸ் எஃபெக்ட்' கேமில் கமாண்டர் ஷெப்பர்டை ஆணாகவோ பெண்ணாகவோ ஆடலாம். அதற்காக மார்க் மீர், ஜெனிஃபர் ஹேல் இருவரும் தனித்தனியே பேசினார்கள். இது கூடுதல் வேலைதான். இரண்டு மடங்கு அல்ல.

அக்கா மகளின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். 2018-ல் வந்த 'அசாசின்ஸ் கிரீட் ஒடிசி'யில் கசாண்ட்ரா, அலெக்சியோஸ் என்று அக்கா, தம்பி இருவர். யாரை வேண்டுமானாலும் நாயகராக்கி முழுக் கதையையும் ஆடலாம். ஆனால் 2020-ல் புளூம்பெர்க் வெளியிட்ட செய்தியின்படி, தயாரிப்புக் குழு முதலில் திட்டமிட்டது கசாண்ட்ராவை மட்டுமே. பெண் மட்டும் என்றால் விற்காது என்று மேலிடத்தில் மறுத்துவிட்டார்களாம். கவனியுங்கள்: இங்கே ஒரு பெண்ணோடு முடிய வேண்டிய வேலையில், ஓர் ஆணையும் சேர்ப்பதற்காகக் கூடுதல் செலவை மனமுவந்து ஏற்றிருக்கிறார்கள். "டெக்னிக்கலா கஷ்டம்" என்பது பல சமயம் "எங்கள் பட்டியலில் அது மேலே இல்லை" என்பதன் வேறு பெயர்தான். ஆஃபீசில் நானும் அப்படிச் சொல்லித் தப்பித்ததுண்டு.

நீங்களே இதைச் செய்து பார்க்கலாம். 'தி சிம்ஸ் 4' கேமின் அடிப்படைப் பதிப்பு 2022 அக்டோபர் முதல் இலவசம். 64 பிட் விண்டோஸ் வேண்டும். பல ஜிபி டவுன்லோடு என்பதால் ஹார்டு டிஸ்கில் காலி இடம் பார்த்துக்கொள்ளுங்கள். கூடுதல் பேக்குகளுக்குக் காசு கேட்கும், தேவையில்லை. கேரக்டர் உருவாக்கும் திரையில் ஓர் ஆணைச் செய்து, நடையைத் தேர்வு செய்யும் இடத்தில் கிளிக் செய்து ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பிறகு அதே நடைகளை ஒரு பெண்ணுக்கும் கொடுத்துப் பாருங்கள். உடல் வேறு, நடை அதே! 2016 ஜூனில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு குரல், உடை, உடல்வாகு ஆகியவற்றிலும் ஆண்-பெண் தடை இல்லை. தோல் நிறத்தையும் பாருங்கள். 2020 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறங்களைச் சேர்த்தார்கள்.

அக்கா மகள் ஒரு பாட்டியை உருவாக்கி, ரவுடி மாதிரி மிடுக்கான நடையைக் கொடுத்திருக்கிறாள். நான் இன்ஸ்டால் செய்த கேமை அவளே நீக்கிவிட்டாள்.