சபர் எங்கே முடிகிறது?

நம் ஊர்களில் ஒரு பேச்சு வழக்கு உண்டு. வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டால், "சபரில் இருக்கிறார்கள்" என்று பெண்கள் பதில் சொல்வார்கள். அந்தக் காலத்தில் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் வியாபாரத்துக்குப் போனவர் சபராளி. நாகப்பட்டினத்தில் 'ராஜூலா' கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர் சபராளி. 1973-இல் எண்ணெய் விலை உயர்ந்து, வளைகுடா நாடுகளில் வேலை பெருகிய பிறகு துபைக்கும் குவைத்துக்கும் ரியாதுக்கும் விமானம் ஏறியவரும் சபராளிதான். போய்ப் பதினைந்து ஆண்டுகள் ஆனாலும், அங்கேயே தலை நரைத்தாலும், அவர் "சபரில்" இருப்பவரே.

பேச்சுக்கு இது சரி. ஆனால் மார்க்கச் சட்டத்தில் சபர் என்ற சொல்லுக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. அந்த எல்லை தெரியாமல் போனால் தொழுகையும் நோன்பும் பாழாகும். சில சமயம் குடும்பத்தின் உரிமையும் பாழாகும்.

விடுமுறையில் ஊர் வந்திருந்த ஒருவர், ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"ஹஜ்ரத், ஒரு சந்தேகம். நான் வேலைக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. பள்ளிக்குப் போனால் இமாமுடன் நாலு ரக்அத் தொழுவேன். அறையில் தனியாகத் தொழுதால் ரெண்டுதான். சபராளிக்குச் சலுகை உண்டு என்று கூட இருந்தவர் சொன்னார். இங்கே வந்தும் அப்படித்தான் தொழுகிறேன். நாற்பது நாளில் திரும்பிப் போகிறவன்தானே? நேற்று என் மகன் பார்த்துவிட்டு, 'அத்தா, ஏன் பாதியிலேயே ஸலாம் கொடுத்துட்டீங்க?' என்று கேட்டுவிட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை."

"போகும்போது ஒப்பந்தம் எத்தனை வருஷத்துக்குத் தம்பி?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம், ஹஜ்ரத்."

"அப்படியானால் அங்கே போய் இறங்கிய அன்றே உங்கள் சபர் முடிந்துவிட்டது" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. அவரைப் போன்றவர்கள் பலர் இருக்கக்கூடும் என்பதால் அவரிடம் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

சபர் என்பது பாதை

பூமியில் பயணம் செய்வோர் தொழுகையைச் சுருக்கிக்கொள்ள அனுமதி உண்டு என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 101-ஆவது வசனம் கூறுகிறது. இதன்படி ளுஹர், அஸர், இஷா ஆகிய நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழுவதற்குக் கஸ்ர் என்று பெயர். சுபுஹுக்கும் மஃரிபுக்கும் கஸ்ர் கிடையாது.

பயணத்தின் தூரம் சுமார் 80 கிலோமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மத்ஹபுகளின் கணக்கில் சிறிது ஏற்றத்தாழ்வு உண்டு. வீட்டு வாசலைத் தாண்டியதும் கஸ்ர் தொடங்காது. சொந்த ஊரின் எல்லையைக் கடந்த பின்பே தொடங்கும். ஆகவே காயல்பட்டினத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ புறப்பட்டவர், சென்னை விமான நிலையத்தில் காத்திருக்கும்போது முஸாபிர்தான். அங்கே அவர் கஸ்ராகத் தொழலாம்.

ஷாபிஈ மத்ஹபில், முஸாபிர் ளுஹரையும் அஸரையும் ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழலாம். மஃரிபையும் இஷாவையும் அவ்வாறே சேர்க்கலாம். ஹனபி மத்ஹபில் ஹஜ்ஜின்போது அரபாவிலும் முஸ்தலிபாவிலும் தவிர வேறெங்கும் அவ்வாறு சேர்ப்பது இல்லை. ஆனால் கஸ்ர் செய்வது ஹனபி மத்ஹபில் வாஜிப். ஷாபிஈ மத்ஹபில் அது சலுகை. எந்த மத்ஹபினராயினும், ஊரிலேயே தங்கியிருக்கும் இமாமைப் பின்பற்றினால் முஸாபிரும் நான்கு ரக்அத்தைப் பூர்த்தியாகத் தொழ வேண்டும்.

தங்கிவிட்டவர் முகீம்

போய்ச் சேர்ந்த ஊரில் எத்தனை நாள் தங்க நிய்யத் வைக்கிறோம் என்பதே அடுத்த கேள்வி. ஹனபி மத்ஹபில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ தங்க நிய்யத் வைத்தவர் முகீம் ஆகிவிடுகிறார். ஷாபிஈ மத்ஹபில், வந்து சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் தங்க நிய்யத் வைத்தாலே அவர் முகீம். மக்காவிலிருந்து ஹிஜ்ரத் செய்த ஸஹாபாக்கள், ஹஜ் கிரியைகள் முடிந்தபின் மூன்று நாள் மட்டும் மக்காவில் தங்க அனுமதிக்கப்பட்டார்கள். மூன்று நாளுக்கு மேற்பட்டால் அது தங்குவதாகிவிடும் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுச் சென்றவர் எந்தக் கணக்கில் பார்த்தாலும் முகீம்தான். தொழுகையில் நான்கு ரக்அத் அவர்மீது கடமை. ரமளானில் நோன்பும் கடமை. "பிறகு ஊரில் போய்ப் பிடித்துக்கொள்கிறேன்" என்று, பயணம் ஒன்றையே காரணமாகக் காட்டி நோன்பை விடுவதற்கு அவருக்கு வழியில்லை.

இதற்கு மாறான ஒரு நிலையும் உண்டு. 1970-களில் விசாவுக்காகப் பம்பாய் விடுதிகளில் காத்துக் கிடந்தவர்களை நினைத்துப் பாருங்கள். இன்று வரும், நாளை வரும் என்று இருந்தார்கள். எத்தனை நாள் தங்குவோம் என்று அவர்களுக்கே தெரியாது. இப்படிப்பட்டவர் ஹனபி மத்ஹபில் நாள் எவ்வளவு நீண்டாலும் கஸ்ர் தொழுவார். ஷாபிஈ மத்ஹபில் பதினெட்டு நாட்கள் வரை தொழலாம். இங்கே நிய்யத்தே பிரதானம்.

போன இடத்தில் கிப்லாவையும் புதிதாகக் கேட்டறிய வேண்டும். இங்கே மேற்கு நோக்கித் தொழுது பழகியவர் ஜித்தாவில் கிழக்கு நோக்க வேண்டும். ஏனெனில் அவ்வூர் மக்காவுக்கு மேற்கே இருக்கிறது. ரியாதில் இருப்பவர் தென்மேற்காகத் திரும்ப வேண்டும். பழக்கத்தை நம்பி முஸல்லாவை விரித்துவிடக் கூடாது.

பிறந்த ஊரும் சொந்த ஊரும்

அப்படியானால் இவருடைய ஊர் எது? ஹிஜ்ரி 8-இல் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை வெற்றிகொண்டு உள்ளே நுழைந்தார்கள். அது அவர்கள் பிறந்து வளர்ந்த ஊர். கஃபா இருக்கும் ஊர். ஆயினும் அங்கே தங்கியிருந்த நாட்களில் அவர்கள் கஸ்ராகவே தொழுதார்கள். மதீனாவே அவர்களுடைய ஊராகிவிட்டது. பிறந்த மண்ணில் அவர்கள் முஸாபிராக நின்றார்கள்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? பிறந்த இடம் என்பதற்காக மட்டும் ஓர் ஊர் சொந்த ஊர் ஆகிவிடாது. இனி இதுவே என் இருப்பிடம் என்று குடும்பத்தோடு நிலைகொண்ட இடமே வதன், அதாவது சொந்த ஊர். எனவே மனைவி மக்களுடன் மலேசியாவிலேயே நிலையாகக் குடியமர்ந்துவிட்டவர், உறவினரைப் பார்க்க இங்கே மூன்று நாள் வந்தால் அவர் முஸாபிர், கஸ்ர் தொழலாம். ஆனால் குடும்பத்தை இங்கே வைத்துவிட்டு, ஒருநாள் திரும்பி வருவேன் என்ற எண்ணத்தோடு வேலைக்குப் போனவருக்கு இதுவே வதன். அவர் ஒரேயொரு நாள் லீவில் வந்தாலும் இங்கே முகீம்தான், நான்கு ரக்அத்தான்.

ஆக, அவர் அங்கேயும் முஸாபிர் அல்லர். இங்கேயும் முஸாபிர் அல்லர். இடையிலுள்ள பாதையில் மட்டுமே முஸாபிர். லாரி ஓட்டுவது போல, வேலையே பயணமாக உள்ளவர்கள் தம் நிலையைத் தனியாக விவரித்து ஆலிமிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஷாபிஈ மத்ஹபில் ஜும்ஆவைப் பற்றிய ஒரு சட்டம் இவருடைய நிலையை நன்கு விளக்குகிறது. ஜும்ஆ நிறைவேற, அவ்வூரிலேயே நிலையாகக் குடியிருக்கும் நாற்பது பேர் வேண்டும். திரும்பிப் போகும் எண்ணத்தோடு தங்கியிருப்பவர் அந்த நாற்பதில் சேரமாட்டார். ஆனால் ஜும்ஆவுக்குப் போவது அவர்மீது கடமை! எண்ணிக்கையில் அவர் இல்லை, கடமையில் இருக்கிறார். அந்நிய நாட்டில் உழைப்பவர் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு பிறைகளுக்கு நடுவே

வளைகுடா நாடுகளில் நமக்கு ஒருநாள் முன்னதாக நோன்பு தொடங்குவது பல ஆண்டுகளில் நடக்கிறது. அங்கே வெள்ளிக்கிழமையும் இங்கே சனிக்கிழமையும் நோன்பு தொடங்கியதாக வைத்துக்கொள்வோம். அங்கே நோன்பைத் தொடங்கியவர் பெருநாளுக்காக ஊர் வருகிறார். இங்கே மாதம் முப்பதாகப் பூர்த்தியானால் அவருக்கு முப்பத்தொரு நோன்பு ஆகும். "எனக்கு முப்பது முடிந்துவிட்டது" என்று அவர் நோன்பை விடக்கூடாது. ஊராருடன் சேர்ந்தே நோற்க வேண்டும். மாறாக இங்கே தொடங்கிவிட்டு அங்கே போனவருக்கு, இருபத்தெட்டு நோன்பிலேயே பெருநாள் வந்துவிடலாம். அவர் அங்குள்ளவர்களோடு பெருநாள் கொண்டாடிவிட்டு, பின்னர் ஒரு நோன்பைக் களாச் செய்ய வேண்டும். மாதம் இருபத்தொன்பதுக்குக் குறையாது.

சுபுஹுக்கு முன்பே ஊர் எல்லையைக் கடந்துவிட்டவர் அன்றைய நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்யலாம். சுபுஹுக்குப் பின் புறப்படுபவர் அன்றைய நோன்பைப் பூர்த்தி செய்ய வேண்டும். மேற்கு நோக்கிப் பறக்கும் விமானத்தில் சூரியன் தாமதமாகவே மறையும். கைக்கடிகாரத்தில் நம் ஊர் மஃரிப் நேரம் ஆகிவிட்டாலும், ஜன்னலில் சூரியன் தெரியும் வரை நோன்பு திறக்கக்கூடாது.

ஷாபிஈ மத்ஹபில் மனைவியின் பித்ராவும் கணவன்மீது கடமை. பெருநாளுக்கு முந்திய மாலை சூரியன் மறையும்போது யார் எந்த ஊரில் இருக்கிறாரோ, அவருடைய பித்ரா அந்த ஊர் ஏழைகளைச் சேரும். ஆகவே அவருடைய பித்ரா அங்கே. மனைவி மக்களின் பித்ரா இங்கே. ஹனபி மத்ஹபில் வசதியுள்ள மனைவியின் பித்ரா அவளையே சாரும். கணவன் அவளுக்காகக் கொடுத்தாலும் நிறைவேறும். ஜகாத்தைப் பொறுத்தவரை, இரு நாடுகளிலும் உள்ள தம் சேமிப்பை அவர் ஒன்றாகவே கணக்கிட வேண்டும்.

வீட்டில் அவர் விருந்தாளி அல்லர்

தொழுகையில் முகீமாக இருப்பவர் குடும்பத்திலும் முகீமாக இருக்க வேண்டாமா? லீவில் வந்தவரை வீட்டார் விருந்தாளியைப் போல நடத்துகிறார்கள்; அவரும் விருந்தாளியைப் போலவே நாற்பது நாளைக் கழித்துவிட்டுப் போகிறார். பிள்ளை ஓதுகிறதா என்று கேட்பதில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதில்லை. வஸிய்யத்தைப் பற்றி நினைப்பதே இல்லை.

ஹளரத் உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் ஓரிரவு மதீனாவில் சுற்றி வந்தபோது, போருக்குப் போன கணவனை நினைத்து ஒரு பெண் வருந்துவதைக் கேட்டார்கள். தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று வினவினார்கள். அதன்பின் படைவீரர்கள் வீட்டைப் பிரிந்திருப்பதற்கு ஒரு காலவரையறை விதித்தார்கள். நான்கு மாதம் என்றும், ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வந்துள்ளன. போர்வீரனுக்கே இந்த வரையறை என்றால், சம்பாதிக்கப் போனவர் ஈராண்டுக்கு ஒருமுறை வருவது மனைவியின் முழுச் சம்மதத்தோடுதான் நடக்க வேண்டும். அந்தச் சம்மதத்தை அவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாதா மாதம் அவர் அனுப்பும் பணம் தானம் அல்ல. அது மனைவியின் உரிமை. ஷாபிஈ மத்ஹபில் கொடுக்காமல் விட்ட ஜீவனாம்சம் கணவன்மீது கடனாகவே நிற்கும்.

பயணம் என்பது வேதனையின் ஒரு பகுதி என்றும், போன காரியம் முடிந்ததும் குடும்பத்திடம் விரைந்து திரும்ப வேண்டும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்துள்ளார்கள். அன்று ஏர்மெயில் கடிதமும், குரலைப் பதிந்து அனுப்பிய கேஸட்டும் இருந்தன. இன்று கைப்பேசியில் முகம் பார்த்தே பேசலாம். ஆனால் பார்ப்பது வேறு, பக்கத்தில் இருப்பது வேறு.

என்னிடம் வந்தவர் கடைசியாகக் கேட்டார்: "ஆறு வருஷத் தொழுகையை என்ன செய்வது ஹஜ்ரத்?"

"முகீமாக இருந்து இரண்டாகத் தொழுதவற்றையெல்லாம் நான்காகக் களாச் செய்ய வேண்டும். இமாமுடன் தொழுதவை கூடிவிட்டன. மீதியைக் கணக்கிட்டு, ஒவ்வொரு ளுஹருடனும் ஒரு ளுஹர், ஒவ்வொரு அஸருடனும் ஓர் அஸர், ஒவ்வொரு இஷாவுடனும் ஓர் இஷா என்று தொழுது வாருங்கள். மலைக்க வேண்டாம். இன்று இஷாவுக்கு உங்கள் மகனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு தொடங்குங்கள்" என்றேன்.

அன்றிரவு ஜமாஅத் முடிந்த பிறகு, தந்தையும் மகனும் தூண் ஓரத்தில் நின்றார்கள். தந்தை நான்கு ரக்அத் தொழுது முடிக்கும் வரை சிறுவன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

பாதையில் இருப்பவரின் துஆ ஏற்கப்படும் என்பது நபிமொழி. அல்லாஹுதஆலா நம் சபராளிகளின் வழியை இலேசாக்கி, இரு நாடுகளிலும் அவர்கள்மீதுள்ள கடமைகளைப் பூர்த்தியாக நிறைவேற்றச் செய்து, அவர்களை நலமாக வீடு சேர்த்தருள்வானாக! ஆமீன்.