கீஸரில் சுடர் அணைவது ஏன்?

மார்கழி பிறந்துவிட்டால் தில்லித் தமிழர் வீடுகளில் காலையில் ஒரு குரல் கேட்கும். "அம்மா, கீஸர் அணைஞ்சு போச்சு!" தலையில் சோப்பு நுரையோடு நிற்பவருக்கு எரிச்சல்தான். ஆனால் காரணம் தெரியாமல் மறுபடி மறுபடி பற்றவைப்பது எரிச்சலோடு நிற்கிற விஷயமல்ல. (மின்சார கீஸர் வைத்திருப்போர் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம்.)

முதலில் அது வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். குழாயைத் திறந்ததும் தண்ணீரின் ஓட்டம் ஒரு விசையைத் தள்ளுகிறது. பாட்டரியின் உதவியால் பொறி பறக்கிறது. வால்வு திறந்து கேஸ் வருகிறது. பர்னர் அருகே இரண்டு ஊசிகள் இருக்கும். ஒன்று பொறி தருவது, மற்றொன்று காவலாளி. எரியும் சுடர் மிகச் சிறிய அளவில் மின்சாரத்தைக் கடத்தும். அந்த மின்னோட்டம் காவல் ஊசிக்குக் கிடைக்காவிட்டால் சில விநாடிகளில் வால்வு மூடிக்கொள்ளும். கனடாவில் வீடு முழுவதையும் சூடாக்கும் கேஸ் உலைகளிலும் இதே காவலாளிதான் பெரும்பாலும் இருக்கிறார்.

ஆகவே சுடர் எப்போது அணைகிறது என்பதைக் கவனியுங்கள். பற்றிய சில விநாடிகளிலேயே அணைந்தால், பாட்டரி தீர்ந்திருக்கலாம்; அல்லது காவல் ஊசியில் கரி படிந்திருக்கலாம். புதுப் பாட்டரி போட்டும் சரியாகாவிட்டால் ஊசியைச் சுத்தம் செய்ய மெக்கானிக்கை அழையுங்கள். நம் ஊர்க் கடினத் தண்ணீரில் உப்பு படிந்து ஓட்டம் குறைந்தாலும் சுடர் நிற்காது.

சிறிது நேரம் எரிந்தபின் சுடர் சிறுத்து அணைந்தால் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். எல்.பி.ஜி.யில் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்துள்ளன. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். பியூட்டேனுக்கோ ஏறக்குறைய 0 டிகிரி வேண்டும். கீஸர் வேகமாகக் கேஸை இழுக்கும்போது சிலிண்டர் மேலும் குளிர்ந்து அழுத்தம் குறைகிறது. அதற்காகச் சிலிண்டரை வெந்நீரில் வைப்பது பெரிய ஆபத்து. குழாய் வழி கேஸுக்கு மாறியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவர்கள் கீஸரின் ஜெட்டையும் அதற்கேற்ப மாற்றியிருக்க வேண்டும்.

பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக எரிந்துவிட்டு அணைவதுதான் நான் பயப்படுவது. சில மாடல்களில் 20 நிமிடத்தில் தானே நிற்கும் டைமர் உண்டு, அது குறையல்ல. ஆனால் கீஸர் குளியலறைக்குள்ளேயே இருந்தால், காற்றில் பிராணவாயு குறைந்ததும் அணைவதற்குக் காரணமாக இருக்கலாம். ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிய சுமார் 12 கன மீட்டர் காற்று வேண்டும். ஐந்தடிக்கு ஆறடிக் குளியலறையில் பத்து நிமிடக் குளியலுக்கு, அங்குள்ள காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கின் பிராணவாயு தீர்ந்துவிடும் என்பது என் கணக்கு. குளிருக்குப் பயந்து ஜன்னலையும் அடைத்திருப்போம். காற்றுப் போதாத சுடர் மஞ்சளாகி கார்பன் மோனாக்ஸைடை விடுகிறது. நிறமோ மணமோ இல்லாத அந்த வாயு, பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், கால் தளர்வு. தாழ்ப்பாளைத் திறக்கக்கூடக் கை எழாது. தில்லியில் குளிர்காலத்தில் இப்படி உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன.

எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு மெக்கானிக், "இந்த ரெண்டு ஒயரையும் சேர்த்துக் கட்டிட்டா அணையவே அணையாது, மாமி" என்றார். காவலாளியின் கையைக் கட்டுகிற யோசனை அது! வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, கீஸரைப் பால்கனிக்கு மாற்றினோம். குழாய் வழியே வெந்நீர் மட்டும் உள்ளே வருகிறது. கண்ணாடி போட்டு அடைத்த பால்கனியானால் அதுவும் ஓர் அறைதான் என்பதை மறக்க வேண்டாம்.

மாற்றும் வரை வாளியில் வெந்நீர் பிடித்து, கீஸரை அணைத்து, கதவைத் திறந்து காற்று மாறியபின் குளியுங்கள். அணைந்தபின் கேஸ் வாடை வந்தால் பற்றவைக்காதீர்கள். மின் சுவிட்சையும் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். சிலிண்டர் கசிவுக்கு அழைக்க வேண்டிய எண் 1906.