இறகு எங்கே அறுகிறது?
ஹேக்கிள் இடுக்கியைத் தேர்வு செய்வதும் திருத்துவதும்

ஹிமாசலப் பிரதேசத்தின் டிரவுட் ஆறுகளில் நவம்பர் முதல் தேதியிலிருந்து பிப்ரவரி முடிய மீன் பிடிக்கத் தடை உண்டு. அது மீன்கள் முட்டையிடும் காலம். தில்லியிலிருந்து தீர்த்தன், பியாஸ் ஆற்றங்கரைகளுக்குப் போய்வரும் நண்பர்கள் சிலர் இந்த நான்கு மாதங்களில்தான் வீட்டு மேஜையில் உட்கார்ந்து அடுத்த பருவத்துக்கான செயற்கைப் பூச்சிகளைக் கட்டுகிறார்கள்.

ஒரு குளிர்காலத்தில் நண்பர் ஒருவரின் மகன், பத்தாம் வகுப்பு மாணவன், இதைக் கற்றுக்கொள்ள என்னிடம் வந்தான். ஒரே மாலையில் ஏழு இறகுகளை அறுத்துவிட்டு, "எனக்குக் கை வராது மாமா" என்று எழுந்துவிட்டான். அவன் போன பிறகு மேஜையில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தேன். ஏழும் ஒரே இடத்தில், இடுக்கியின் வாய் விளிம்பில், கத்தரித்ததுபோல் அறுந்திருந்தன. பையன் மேல் குற்றம் இல்லை. அந்த இடுக்கியைச் சோதித்துப் பார்க்காமல் அவனிடம் கொடுத்தவன் நான்தான். அன்று செய்த தவறுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

சேவல் இறகின் வேலை

டிரவுட் நம் நாட்டு மீன் அல்ல. 1900-இல் காஷ்மீரிலும், 1909-இல் குலுப் பள்ளத்தாக்கிலும் ஆங்கிலேயர்கள் இதை வளர்க்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் நீலகிரியிலும் கொண்டுவந்து விட்டார்கள். அவலாஞ்சியில் உள்ள குஞ்சு பொரிப்பகத்தை உதகைப் பக்கத்து வாசகர்கள் அறிந்திருப்பார்கள்.

இந்த மீன் நீரின் மேல் மிதக்கும் பூச்சிகளை விரும்பி உண்ணும். அந்தப் பூச்சியைப் போலத் தோன்ற, தூண்டில் முள்ளின் மேல் நூலையும் உரோமத்தையும் சுற்றி, கடைசியில் சேவலின் கழுத்து இறகு ஒன்றை நான்கைந்து சுற்றுகள் சுற்றுவார்கள். இறகின் இழைகள் முள்ளைச் சுற்றிச் சக்கரம்போல் விரிந்து நின்று பூச்சியை நீரின் மேல் தாங்கும். இந்த இறகுக்குத்தான் ஹேக்கிள் என்று பெயர். அதன் நுனியைப் பிடித்துச் சுற்ற உதவும் சிறு கருவி ஹேக்கிள் பிளையர்ஸ். இங்கே அதை இடுக்கி என்றே எழுதுகிறேன்.

இறகு சுற்றுவது பூச்சி கட்டுவதில் ஏறக்குறைய கடைசி வேலை. அதற்குள் கால் மணி நேரம் உழைத்திருப்போம். மூன்றாவது சுற்றில் இறகு அறுந்தால் இழைகள் பிரிந்து, எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். நல்ல இறகு விலை மலிவும் அல்ல. புதிதாகக் கற்பவர் மனம் தளர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இடுக்கி செய்ய வேண்டியவை மூன்று

முதலாவது, மயிரிழைபோல் மெலிந்த இறகுத் தண்டை நழுவாமல் பிடிக்க வேண்டும். இரண்டாவது, பிடிக்கும்போது அதை வெட்டக் கூடாது. மூன்றாவது, நாம் கையை எடுத்து நூலை எடுக்கும்போது, தன் எடையால் தொங்கி இறகைத் தளரவிடாமல் வைத்திருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் இடுக்கியின் விலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

வகைகள்

பழைய ஆங்கிலேய பாணி இடுக்கி ஒரே எஃகுக் கம்பியையோ தகட்டையோ வளைத்துச் செய்தது. இரு கைகளும் குறுக்காகப் போகும். அழுத்தினால் வாய் திறக்கும், விட்டால் மூடும். எளிமையானது, வீட்டிலேயே திருத்தக்கூடியது. முதன்முதலில் வாங்குபவருக்கு இதையே சொல்வேன்.

ஒரு தாடையில் ரப்பர் உறை போட்ட வகையும் உண்டு. உறை இறகை வெட்டாமல் காக்கும். ஆனால் நாளாக ஆகக் கெட்டிப்பட்டு வெடித்துவிடும். அப்போது மாற்ற வேண்டும்.

கண்ணீர்த் துளி வடிவத்தில் மிகச் சிறியதாக ஒரு வகை இருக்கிறது. சிறு பூச்சிகளுக்கு நல்லது. எடை குறைவு என்பதால் தொங்கவிட்டால் இறகை இழுத்துப் பிடிக்காது.

கைப்பிடியில் சுழலும் அமைப்புள்ள வகையில், சுற்றும்போது இறகு தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளாது. வசதியானதுதான். ஆனால் வாய் சரியில்லாவிட்டால் சுழற்சியால் பயன் இல்லை.

ரேடியோ பழுதுபார்ப்பவர்கள் பயன்படுத்தும் கொக்கி கிளிப்பைச் சிலர் இதற்கு எடுத்துக்கொள்கிறார்கள். பழைய தில்லி லாஜ்பத் ராய் மார்க்கெட் போன்ற இடங்களில் கிடைக்கும். மெல்லிய தண்டை நன்றாகவே பிடிக்கிறது.

வாங்கும்போது

கடையில் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். மூடிய வாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தாடைகளுக்கிடையே எங்கும் ஒளிக்கீற்று தெரியக் கூடாது. அடியில் மட்டும் பொருந்தி நுனியில் இடைவெளி இருந்தால் இறகு நழுவும். அடுத்து, தாடை விளிம்பில் விரல் நுனியை மெதுவாக ஓட்டுங்கள். சுரண்டுவதுபோல் இருந்தால் அது இறகை வெட்டும். கடைசியாக, மெல்லிய தாள் ஒன்றைக் கவ்வவிட்டு எடுத்து, தடத்தைப் பாருங்கள். தடம் பட்டையாகச் சீராகப் பதிந்திருந்தால் நல்லது. ஒரே கோடாக ஆழமாகப் பதிந்திருந்தால் வேண்டாம். பல்வரிசை வெட்டிய தாடையை எடுக்காதீர்கள். உறுதியான பிடி போலத் தோன்றும், இறகைத்தான் கடித்துவிடும்.

அறுந்த இறகைக் கவனியுங்கள்

வீட்டில் ஏற்கெனவே உள்ள இடுக்கியைச் சோதிக்க, பயனில்லாத இறகு ஐந்தாறு எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டுச் சேவலின் கழுத்து இறகைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தினால் போதும். அடிப்பகுதியை முள்ளில் நூலால் கட்டி, நுனியை இடுக்கியில் கவ்வவிட்டு, மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

இறகு இடுக்கியின் வாயருகே அறுந்தால், விளிம்பு கூர்மையாக இருக்கிறது அல்லது பிடி மிதமிஞ்சி இருக்கிறது.

இறகு அறுகாமல் வாயிலிருந்து நழுவினால், தாடைகள் சரியாகப் பொருந்தவில்லை அல்லது மிக வழவழப்பாக இருக்கின்றன.

இறகு நடுவிலோ முள்ளருகிலோ அறுந்தால், இடுக்கியைக் குறை சொல்லாதீர்கள். கை வேகமாக இழுத்திருக்கிறது, அல்லது இறகு உலர்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கிறது.

ஒரே முறை பார்த்து முடிவு கட்ட வேண்டாம். ஐந்தாறு இறகுகளில் பெரும்பாலானவை எங்கே அறுகின்றன என்று பாருங்கள்.

திருத்தும் முறை

1. விளிம்பு கூர்மையாக இருந்தால்: 600 எண் உப்புத்தாளைத் தீக்குச்சியில் சுற்றி, தாடையின் நான்கு விளிம்புகளையும் மெதுவாகத் தேய்த்து மழுக்குங்கள். உள்பரப்பை அதிகம் தேய்க்க வேண்டாம். கூர்மை போனால் போதும்.

2. தாடைகள் பொருந்தாவிட்டால்: உப்புத்தாளின் சிறு துண்டை வாயில் கவ்வவிட்டு வெளியே இழுங்கள். பத்து முறை ஒரு தாடைக்கு, தாளைத் திருப்பிப் பத்து முறை மறு தாடைக்கு. பிறகு வெளிச்சத்தில் பாருங்கள். இடைவெளி அதிகமாக இருந்தால், தாடையில் துணி சுற்றி, சிறு குறட்டால் சற்றே வளையுங்கள். வேலை முடிந்ததும் உலோகத் தூளைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதுவே இறகை அறுக்கும்.

3. வழவழப்பாக இருந்தால்: சைக்கிள் கடையில் வால்வ் டியூப் வாங்கி, அரை அங்குலம் வெட்டி, ஒரு தாடையில் மட்டும் மாட்டுங்கள். எச்சில் தொட்டால் எளிதில் ஏறும். இரண்டு தாடைகளிலும் போட்டால் வாய் பருத்துப்போய்ச் சிறு இறகைப் பிடிக்க முடியாது. மின்கம்பிகளுக்குப் போடும், சூட்டில் சுருங்கும் உறையும் நன்றாகப் பொருந்தும்.

4. பிடி மிதமிஞ்சி இருந்தால்: ஆங்கிலேய பாணி இடுக்கியில், கைகளை வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக ஒருமுறை அழுத்திவிட்டு மறுபடி சோதியுங்கள். பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கும். பிடி போதாவிட்டால் கைகளைச் சற்று வெளிப்புறம் இழுத்துவிடுங்கள். எதைச் செய்தாலும் நெருப்பில் காட்டாதீர்கள். எஃகின் விறைப்பு போய்விடும். பிறகு அது இடுக்கியே இல்லை.

5. எடை போதாவிட்டால்: கைப்பிடி வளையத்தில் மெல்லிய செம்புக் கம்பியைச் சில சுற்றுகள் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு தொங்கவிட்டுப் பாருங்கள். இறகு விறைப்பாக நிற்கும் அளவோடு நிறுத்துங்கள். சிறு பூச்சிகளுக்கு அந்த எடை அதிகம்; அப்போது கம்பியைக் கழற்றிவிடலாம்.

இறகும் கையும்

இறகின் கடைசி நுனி மிகவும் மெலிந்தது. அதைக் கவ்வாமல், சற்று உள்ளே தள்ளித் தண்டு கொஞ்சம் தடித்த இடத்தில் பிடியுங்கள். இடுக்கி இறகுக்குக் குறுக்காக இல்லாமல், அதே நேர்கோட்டில் இருக்கட்டும். தில்லிக் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அறையில் இறகு சருகுபோல் உலர்ந்துவிடும். கட்டுவதற்குச் சற்று முன் ஈரத்துணியில் வைத்தெடுத்தால் வளைந்து கொடுக்கும்.

இன்னொன்று. நம் காட்டுச் சேவலின் பொட்டு வைத்ததுபோன்ற கழுத்து இறகுக்கு மேல்நாட்டுப் பூச்சி கட்டுபவர்களிடையே ஒரு காலத்தில் பெரும் கிராக்கி இருந்தது. அந்தப் பறவைக்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. யாராவது அந்த இறகைக் கொண்டுவந்து விற்றால் வாங்காதீர்கள்.

அந்த ஏழு இறகுகளைப் பார்த்த இரவே இடுக்கியின் விளிம்பைத் தேய்த்து, வால்வ் டியூப் மாட்டினேன். மறுநாள் நண்பரின் வீட்டுக்குப் போய்ப் பையனிடம் நடந்ததைச் சொன்னேன். நம்பாமல்தான் உட்கார்ந்தான். முதல் இறகு நழுவியது. டியூபைச் சரியாக ஏற்றிக்கொண்டான். இரண்டாவது இறகு ஐந்து சுற்று முழுதாகச் சுற்றியது. பூச்சி கொஞ்சம் கோணல்தான். மார்ச் மாதம் அதைத்தான் முதலில் தீர்த்தனில் வீசினான்.

உங்கள் வீட்டிலும் பெட்டிக்குள் ஒதுக்கிப் போட்ட இடுக்கி ஒன்று இருக்கக்கூடும். புதியது வாங்கும் முன், பிள்ளையின் கையைக் குறை சொல்லும் முன், இறகு எங்கே அறுகிறது என்று ஒருமுறை பாருங்கள்.